வடிவு தின்ற சுவர்கள்

காளவாசல் தெருவில் மொத்தம் பத்தொன்பது வீடுகள். ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் அடித்த மழை ஓய்ந்து, பன்னிரண்டாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தபோது, வடிவு சுவரைச் சுரண்டித் தின்ற பதின்மூன்று வீடுகளும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன. அவள் தின்னாத ஐந்து வீடுகள் கரைந்து, ஓடும் உத்தரமுமாகத் தெருவில் கிடந்தன. மீதி ஒன்று வடிவின் சொந்த வீடு. அதையும் அவள் தின்றதில்லை, ஆனாலும் அது நின்றது. அதற்கு வேறு காரணம் இருந்தது.

இதைப் பார்த்துத் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கறிவேப்பிலை மரம் ஒடிக்க ஒடிக்கத்தான் துளிர்க்கும் என்பதைப் போல, வடிவு தின்ற சுவர் விழாது என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் அருணாசலம் அண்ணாச்சிதான் சட்டையில்லாத உடம்போடு வாசலில் நின்று பீற்றிக்கொண்டார்.

"எங்க வீட்டு நடுச்சுவர்ல அவ பறிச்ச குழியில ஒரு படி நெல்லு கொட்டலாம். இனிமே இடி விழுந்தாலும் அசையாது."

"நீரு பகலெல்லாம் ஈசிச்சேர்ல குறட்டை விட்டீரு, அவ பாட்டுக்குத் தின்னா. இதுல உமக்கு என்ன பெருமை?" என்றாள் ஒருத்தி.

"தூங்குறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். வடிவின் அம்மா சீனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. விழுந்த ஐந்து வீடும் யார் வீடு என்பதை அவள் எண்ணிப் பார்த்துவிட்டாள். அவளுடைய பேச்சைக் கேட்டவர்களின் வீடு. வடிவு உள்ளே வந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு முறுக்கோ பழமோ கொடுத்து, சுவர்ப் பக்கம் போகாமல் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களின் வீடு. அதில் முதல் வீடு பக்கத்து வீட்டுக் கோமதியுடையது. கோமதி இடிந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு குத்துவிளக்கை இழுத்தெடுத்து, சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டே, சீனியம்மாளை ஒரு பார்வை பார்த்தாள்.  நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று சீனியம்மாளுக்கு இருந்தது.

வடிவுக்கு அப்போது இருபத்தேழு வயது. புத்தி நாலு வயதோடு நின்றுவிட்டது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சீனியம்மாள் அப்படிச் சொல்வதில்லை, பேச்சு கொஞ்சம், விளங்குவது நிறைய என்பாள். சோற்றை விட்டுவிட்டுச் சுவரைத் தின்னும் பழக்கம் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இருந்தது. சுண்ணாம்புப் பொருக்கு, காரைப் பெயர்ச்சி, நனைந்த மண், எதுவானாலும் நகத்தால் கெல்லி, உள்ளங்கையில் வைத்து, கோயில் திருநீறு போல ஒரு பார்வை பார்த்து, வாயில் போட்டுக்கொள்வாள். அப்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வேறு எதற்கும் வராத சிரிப்பு.

சீனியம்மாள் செய்யாத வைத்தியம் இல்லை. மகள் போகிற வீட்டுச் சுவரிலெல்லாம் வேப்பெண்ணெய் பூசினாள், வடிவு தின்றாள். மிளகாய் அரைத்துத் தடவினாள். அதையும் வடிவு கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய வழியத் தின்றாள். பூச்சி மருந்து கொடுத்தாள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள், கறுப்பசாமிக்கு எலுமிச்சம்பழம் வாங்கினாள். மாட்டுக்குப் போடுகிற வாய்க்கூடு போல ஒன்று பின்னித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னபோது அவரோடு பேச்சை நிறுத்தினாள். ஒரே ஒரு நாள், தன்னால் முடியாமல், பழைய சேலைக் கிழிசலால் வடிவின் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினாள். வடிவு அழவில்லை. கட்டிய கைகளை அம்மாவிடம் நீட்டி, இது என்ன என்பது போலக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உச்சி வெயிலுக்குள் சீனியம்மாள் அவிழ்த்துவிட்டாள். அதன் பிறகு கட்டவில்லை.

அதற்குப் பதிலாக வீட்டைக் கட்டினாள். பிளெக்ஸ் கடைக்காரர் ஒருவர் பழைய விளம்பரத் தட்டிகளைச் சும்மா கொடுத்தார். அவற்றைக் கொண்டுவந்து, அதுவரை வடிவை அண்டவிடாமல் காவல் காத்த தன் வீட்டின் உள்சுவர், வெளிச்சுவர் எல்லாவற்றையும் மூடி, ஓரமெல்லாம் ஆணி அடித்தாள். அதனால் அந்த வீட்டுக்குள் எந்நேரமும் கூட்டம். ஒரு சுவரில் யாரோ ஒரு பெண்ணின் சடங்கு, மறு சுவரில் காதணி விழாவில் வரிசையாகக் கைகூப்பும் தாய்மாமன்கள், அடுப்படியில் கண்ணீர் அஞ்சலிப் பெரியவர் ஒருவர். வடிவு காலையில் எழுந்ததும் எல்லோருக்கும் கும்பிடு போடுவாள். அந்தப் பெரியவருக்கு மட்டும் கொஞ்சம் காப்பி காட்டுவாள். பதினோரு நாள் மழையில் அந்த வீடு நின்றதற்குக் காரணம் அந்தத் தட்டிகள்தான். மழை சுவரைத் தொடவில்லை.

அந்த வீட்டை வடிவின் அப்பா தன் கையால் மண் குழைத்து, ஒவ்வொரு படையாக வைத்து எழுப்பினார். பச்சைச் சுண்ணாம்பு அடித்து அழகு பார்த்த மறு வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். சீனியம்மாளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். தீப்பெட்டி ஆபீசில் வெறும் பெட்டி ஒட்டும் வேலையை மட்டும் வாங்கிவந்து வீட்டில் செய்வாள். மருந்தில் முக்கிய தீக்குச்சியை வடிவு இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவர அவளுக்கு நெஞ்சு இல்லை. ஒட்டும்போதெல்லாம் மனசுக்குள் ஒரே கணக்கு: எனக்குப் பிறகு இவளுக்கு யார்? திருப்பூரில் இருந்த தம்பி மகன் தங்கப்பாண்டி ஒரு பொங்கலுக்கு வந்தபோது வழி சொன்னான்.

"வீட்ட எம்பேருக்கு எழுதி வச்சிரு அத்தை. உனக்கு அப்புறம் வடிவு மதினிய நான் பாத்துக்கிடுறேன். வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தான எம் பொண்டாட்டியும் சரிம்பா?"

எழுதி வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீடு அவளுக்கு வீடு இல்லை. தான் செத்த பிறகு வடிவுக்குச் சோறு போடப்போகிற கை.

மழைக்குப் பிறகு தெரு மாறியது. பெண் பார்க்க வருகிறவர்கள், "இது புள்ள தின்ன வீடுதான?" என்று விசாரித்துவிட்டுத்தான் காப்பியைக் குடித்தார்கள். ஓவர்சியர் ஒருவர் நாடாவோடு வந்து அண்ணாச்சி வீட்டுச் சுவரை அளந்து, "ரெண்டு அங்குலம் சாஞ்சிருக்கு, விழுந்திருக்கணும்" என்றார். பிறகு நோட்டில் 'விழவில்லை' என்று எழுதிக்கொண்டார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, தான் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஒருநாள் வடிவைக் கூட்டிவர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். கோயில் சுற்றுச்சுவருக்குக் கேட்டார்கள். வெளியூரிலிருந்து வெற்றிலையில் மண்ணை மடித்துக்கொண்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சீனியம்மாள் வாசல் கூட்டுகிற வாரியலோடு நின்றாள்.

"எம் புள்ள வயிறு என்ன உங்க அஸ்திவாரமா? போங்க, போங்க!"

தை மாதம் வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு உருண்டை தெரிந்தது. அறுத்து எடுத்து, ஒரு தட்டில் வைத்துச் சீனியம்மாளிடம் காட்டினார்கள். தேங்காய் அளவு கல். குறுக்கே வெட்டியிருந்தார்கள், உள்ளே வளையம் வளையமாக நிறங்கள். சீனியம்மாளுக்கு எல்லாம் அடையாளம் தெரிந்தது. இது அண்ணாச்சி வீட்டு நீலம், இது பால்காரர் வீட்டு மஞ்சள், இது முனை வீட்டு ரோஸ். தன் வீட்டுப் பச்சை அதில் இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நிமிடம் கர்வமாக இருந்தது. வயிறு கிழிந்து கிடக்கிற மகளுக்குப் பக்கத்தில் நின்று கர்வப்பட்டோமே என்று அதை நினைத்து நினைத்துப் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் நர்மதா வந்தாள். மனநலப் பிரிவில் வேலை பார்க்கிற சின்னப் பெண். வடிவைவிட இரண்டு வயது குறைவுதான் இருக்கும். வாரம் இரண்டு முறை ஸ்கூட்டரில் காளவாசல் தெருவுக்கு வந்தாள். தெரு அவளை டீச்சரம்மா என்றது. சுவர் விழாத கதையை அவளிடமும் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டு, "இருக்கட்டும். சுவரு நிக்கும், இவங்க நிக்க மாட்டாங்களே" என்றாள்.

முதல் நாள் அவள் பையிலிருந்து எடுத்த டப்பாவைப் பார்த்துச் சீனியம்மாள் பதறிவிட்டாள். உள்ளே சுவர்ப் பெயர்ச்சிகள்.

"பயப்படாதீங்கம்மா, அரிசி மாவுல நான் சுட்டது. ஒரு பக்கம் கலர் தடவியிருக்கேன். தின்னாலும் ஒண்ணும் ஆகாது." அவற்றைத் தரையில் அங்கங்கே போட்டாள். "அவங்க கையில இருந்து பிடுங்காதீங்க. பிடுங்கப் பிடுங்க வேகமா முழுங்கத்தான் கத்துக்குவாங்க. கத்தவும் வேண்டாம். உங்க கைய நீட்டுங்க, அவ்வளவுதான். அதுல வச்சா அடுத்த நொடியே பொரிகடலை. நல்ல புள்ளன்னு ஒரு வார்த்தை."

"வைக்கலேன்னா?"

"நீட்டுன கைய எடுக்காதீங்க. காத்திருங்க."

"இருபத்தேழு வருசமா காத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றாள் சீனியம்மாள் எரிச்சலோடு. ஆனாலும் கையை நீட்டினாள்.

பத்துப் போட்டால் பத்தையும் தின்றாள் வடிவு. மறுநாளும் பத்து. ஒரு வாரம் கழித்தும் பத்து. பன்னிரண்டாம் நாள், எட்டாவது துண்டைக் கையில் எடுத்து, திருநீறு பார்ப்பது போலப் பார்த்து, வாய்க்குக் கொண்டுபோனவள், நீட்டியிருந்த அம்மாவின் கையை அப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தாள். துண்டை அதில் வைத்தாள். நர்மதா பின்னாலிருந்து மெதுவாகச் சொல்லிக் கொடுத்த வார்த்தையை, வாய் கோணக் கோண, தானும் சொன்னாள்.

"இந்தா."

பிறந்ததிலிருந்து யாருக்கும் எதுவும் கொடுத்தறியாத பிள்ளை. சீனியம்மாள் கடலையை எடுக்கப் போனவள், டப்பாவுக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு அழுதாள். "அம்மா, கடலை, கடலை, லேட் பண்ணாதீங்க" என்று நர்மதா அவசரப்படுத்தினாள்.

வடிவு போகாத வீடு அந்தத் தெருவில் இல்லை என்பதால், ஒவ்வொரு வீட்டு வாசல் நிலையிலும் ஆணி அடித்துப் பொரிகடலை டப்பா ஒன்று தொங்கவிட்டார்கள். வடிவு எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் கையை நீட்டி வாங்க வேண்டும், உடனே கடலை, நல்ல புள்ள. அந்தச் சித்திரை, வைகாசி முழுவதும் தெருவே கையை நீட்டிக்கொண்டு திரிந்தது. வடிவுக்குக் கொடுப்பதில் ருசி பிடித்துவிட்டது. சுவர்ப் பெயர்ச்சி மட்டுமில்லை, ஒற்றைச் செருப்பு, கோழிமுட்டை, பஸ் டிக்கெட், எல்லாவற்றையும் யாரிடமாவது கொடுத்து 'இந்தா' என்றாள். அண்ணாச்சி குறட்டை விட்டு எழுந்தபோது அவருடைய பல் செட்டைக் கொண்டுவந்து அவரிடமே நீட்டினாள்.

"எம் பல்லை எங்கிட்டயே குடுத்துட்டுக் கடலை கேக்கிறா பாரு. கவர்மெண்டு தோத்துரும்" என்று அவர் கடலை எடுத்துக் கொடுத்தார்.

ஆவணியில் பத்துக்குப் பத்து கொடுத்தாள். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு மட்டும் இல்லை. கடலையைத் தின்னும்போது அது வரவில்லை. சீனியம்மாள் அதைக் கவனித்தாள், நர்மதாவிடம் சொல்லவில்லை.

மறுபடியும் ஐப்பசி வந்தது. கடலில் புயல் உருவாகியிருக்கிறது என்று டிவியில் சுழல் சுழலாகக் காட்டினார்கள். விழுந்த ஐந்து வீட்டுக்காரர்களும் அப்போதுதான் சிமெண்டு பூசி முடித்திருந்தார்கள். மூன்று நாள் காற்று மரங்களை வேரோடு சாய்த்தது. அடுத்த தெருவில் ஒன்பது வீடு போயிற்று. காளவாசல் தெருவில் ஒரு ஓடுகூடப் பறக்கவில்லை. நான்காம் நாள் காலையில் வடிவு பச்சை பச்சையாக வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் வெளியே வந்து, "குடலுக்குள்ள சிமெண்டு இறுகியிருக்கு. என்ன சாப்பிட்டாங்க? யாராவது உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

கோமதி அழுதுகொண்டே முன்னால் வந்தாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்து, இருபது நாள் சிசு அந்த வீட்டில் கிடந்தது. "நாந்தான் மதினி. ஒரே ஒரு உருண்டை. சுவத்துல கொஞ்சம் கொத்தி, வெல்லத்துல வச்சு. நெல்லிக்கா அளவுதான். ஒரு உருண்டை என்ன செஞ்சிரும்னு..."

அவள் முடிப்பதற்குள் பின்னால் இன்னொருத்தி, "நானும் ஒண்ணு குடுத்தேன்" என்றாள். கோமதி திரும்பிப் பார்த்தாள். "நானும்" என்று மூன்றாவது குரல். பிறகு நான்காவது. ஐந்தாவது ஆள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து பேரும் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், தன்னுடையது ஒன்றுதான் என்று நம்பி, ஒரே நாளில் கொடுத்திருந்தார்கள்.

சீனியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவதான் குடுக்கப் பழகிட்டாளே. எப்படித் தின்னா?"

கோமதிதான் சொன்னாள். "எங்கிட்டதான் நீட்டுனா மதினி. மூணு தடவ. 'இந்தா, இந்தா'ன்னா. நாந்தான் அவ கையப் பிடிச்சு வாயில வச்சேன்."

வடிவு நாற்பத்தொரு நாள் கிடந்து பிழைத்தாள். குடலில் பாதியை எடுத்துவிட்டார்கள். இந்த வயிற்றை இனி ஒரு முறை திறக்க முடியாது, ஒரு துணுக்குப் போனாலும் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவளுக்குக் கொடுக்க மறந்து போயிருந்தது. கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்மதா மறுபடியும் மாவுத் துண்டுகளோடு வந்தாள். பத்துக்குப் பத்தும் தின்றாள். 'இந்தா' என்ற ஒரு சொல் திரும்பிவர ஐந்து மாதம் ஆனது. அதுவரை சீனியம்மாள் வடிவைத் தன் சேலை நுனியிலேயே வைத்திருந்தாள். தெருவில் யாரோடும் பேசவில்லை. கோமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றால், சீனியம்மாள் பெட்டி ஒட்டும் பசையைக் கிண்டிக்கொண்டே இருப்பாள். யாரும் சொல்லாமலே எல்லா நிலையிலும் டப்பாக்கள் மறுபடியும் தொங்கின, நிறையக் கடலையோடு. வடிவுதான் அந்த வழியே வருவதில்லை.

மூன்றாம் ஐப்பசி. அந்த வருடம் மழை பெரிதாக இல்லை. ஆனால் நின்று பெய்தது, நசநசவென்று ஒன்பது நாள். பதினெட்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது, யாருக்கும் கவலை இல்லை. சீனியம்மாளுக்கு மட்டும் இரண்டு நாளாக வீட்டுக்குள் ஒரு வாடை அடித்தது, பழைய கிணற்றின் வாடை. ஒன்பதாம் நாள் மதியம் சாப்பிட்டுக் கைகழுவும்போது, காதணி விழாத் தட்டியில் கைகூப்பி நின்ற தாய்மாமன்கள் மூச்சு விடுவது போல மெல்ல முன்னால் வந்தார்கள். அவள் ஆணியைப் பிடுங்கித் தட்டியை இழுத்தாள்.

பின்னால் சுவர் கறுத்து, ஊறி, சாணி உருண்டை போல உப்பியிருந்தது. வெளியே இருந்து மழையைத் தடுத்த தட்டி, உள்ளே ஊறிய ஈரத்தையும் வெளியே விடாமல் தடுத்திருந்தது. அத்தனை வருடமும் சுவர் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது. சீனியம்மாள் மண் குழைத்தவனின் பெண்டாட்டி. அந்தச் சுவருக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்பது பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்தது.

தெரிந்த அதே நேரத்தில், உப்பலிலிருந்து ஒரு பொருக்குப் பெயர்ந்து தரையில் விழுந்தது. ஒரு பக்கம் மண், ஒரு பக்கம் பச்சை. வடிவு அதை எடுத்தாள். இருபத்தொன்பது வருடம் கூடவே இருந்தும் தொட முடியாமல் போன சொந்த வீட்டுச் சுவர். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடமாக வராத சிரிப்பு.

சீனியம்மாள் கையை நீட்ட வேண்டும். நீட்டவில்லை.

ஒரு பொருக்கு. தும்பைப்பூ அளவு. அது உள்ளே போனால் வீடு நிற்கும். வீடு நின்றால் தங்கப்பாண்டி நிற்பான். தங்கப்பாண்டி நின்றால், நான் போன பிறகு இவளுக்கு ஒரு கூரை, ஒரு தட்டுச் சோறு, காய்ச்சலில் கிடந்தால் ஒரு வாய் வெந்நீர். ஒரு பொருக்கு என்ன செஞ்சிரும்? இதே வார்த்தையை இதற்கு முன்னால் எங்கே கேட்டோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்தும் அவளுடைய கை முதுகுக்குப் பின்னால் போய்ச் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் வடிவின் வாயைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

வடிவு காத்திருந்தாள். எப்போதும் முன்னால் இருக்கிற கையைக் காணோம். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், சுற்றி வந்து முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே இருந்தது கை. அதைப் பிடித்து முன்னால் இழுத்தாள். மூடியிருந்த விரல்களை, பெருவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஈரமான பொருக்கை நடு உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"இந்தா."

 சீனியம்மாள் நிலையில் தொங்கிய டப்பாவைத் துழாவி, ஒரு பிடி கடலை அள்ளி மகளின் கையில் திணித்தாள். "நல்ல புள்ள" என்றாள். மறு கையால் வடிவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள். தெருவின் பாதியில் திரும்பிப் பார்த்தார்கள். வீடு அவசரப்படவில்லை. முதலில் மேற்குச் சுவர் உட்கார்ந்தது, அதன்மேல் ஓடுகள் சரசரவென்று வழிந்தன, பிறகு சடங்குப் பெண், தாய்மாமன்கள், கண்ணீர் அஞ்சலிப் பெரியவர் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் குப்புற விழுந்தார்கள். வடிவு அவர்களுக்குக் கும்பிடு போட்டாள்.

சத்தம் கேட்டுப் பதினெட்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அருகில் வரப் பயந்து நின்றார்கள். யாரோ தங்கப்பாண்டிக்குப் போன் போட்டுச் சீனியம்மாளின் காதில் வைத்தார்கள்.

"முழுசும் போச்சா அத்தை? முன்சுவராவது நிக்குதா?"

"இல்லப்பா."

"நிலை, சன்னலு?"

"எதுவும் இல்ல."

 "சரி அத்தை, அப்புறம் பேசுறேன்" என்றான். வடிவு மதினி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

மழை விட்டிருந்தது. சீனியம்மாள் இடிபாட்டின் முன்னால் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். வடிவு குனிந்து, பச்சைப் பொருக்கு ஒன்றை எடுத்து வந்தாள். "இந்தா." சீனியம்மாள் வாங்கிக்கொண்டாள். "நல்ல புள்ள." கடலைக்குக் கை தானாக நிலைப்பக்கம் போனது. நிலை இல்லை, டப்பா மண்ணுக்குள் கிடந்தது. வடிவு கையை விரித்தபடி நின்றாள். கொடுத்தால் கிடைக்கும் என்பதுதான் அவளுக்கு உலகத்தைப் பற்றித் தெரிந்த ஒரே நியாயம். விரித்த கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு இன்னொரு பொருக்கை எடுத்தாள். அதை நீட்டவில்லை. வாய்ப்பக்கம் கொஞ்சம் உயர்த்தினாள்.

அப்போது கோமதி தன் நிலையிலிருந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, ஆணியும் கூடவே வர, ஓடி வந்தாள். சீனியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.  கோமதி மண்டிபோட்டு உட்கார்ந்து, கையை வடிவின் முன்னால் நீட்டினாள். எடுக்காமல் நீட்டியபடியே இருந்தாள். வடிவு அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் பொருக்கை அதில் வைக்காமல், அம்மாவின் மடியில் போட்டாள். கடலையை மட்டும் கோமதியிடம் வாங்கிக்கொண்டாள்.

பிறகு அண்ணாச்சி தன் டப்பாவோடு வந்து உட்கார்ந்தார். பால்காரர் வீட்டிலிருந்து வந்தார்கள், முனை வீட்டிலிருந்து வந்தார்கள். ஒரு டப்பா தீர்ந்தால் அடுத்த டப்பா திறந்தது. பின்னால் நின்ற பதினெட்டு வீடும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. அவர்களில் யார் வீட்டுக்கு இன்றைக்குப் போவது, நாளைக்கு எந்த வீடு, தான் கண்ணை மூடுகிற அன்றைக்கு எந்த வீடு என்று சீனியம்மாளுக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவுமில்லை. முன்னால் குவிந்து கிடந்த மண்ணிலிருந்து வடிவு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா குழைத்து வைத்த மண். ஒவ்வொன்றுக்கும் "இந்தா", ஒவ்வொன்றுக்கும் "நல்ல புள்ள".

விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அவள் அந்த வீட்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சீனியம்மாள் நீட்டிய கையை மடக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தாள்.